மணி அடிச்சாங்க, சார்

புதிதாக நடுவர் தேர்வில் தேறியிருக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு வாழ்த்துரை வேண்டும் என்று தடகளச் சங்கச் செயலாளர் தாம்பரத்தில் என் வீட்டுக்கே வந்து கேட்டார். முப்பத்தெட்டு வருஷம் பி.டி. டீச்சராக இருந்தவளுக்கு வாழ்த்த எங்கே வரும்? திட்டத்தான் வரும். அதைச் சொன்னேன். "திட்டியே எழுதுங்க டீச்சர், பரவால்ல" என்று சொல்லிவிட்டு, போட்டுவைத்த காபியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார். ஆகவே திட்டப்போகிறேன். பயப்படாதீர்கள், திட்டு உங்களுக்கு இல்லை. எனக்கு.

விதிகளை எல்லாம் நீங்கள் மனப்பாடம் பண்ணியிருப்பீர்கள். அதில் கை வைக்க மாட்டேன். நம்மில் யாரும் கேட்டு வாங்காத ஒரு டியூட்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நீண்ட ஓட்டத்தில், முடிவுக்கோட்டின் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டிருப்பார்கள். அதில் உட்காருகிறவர், இன்னும் எத்தனை ரவுண்டு பாக்கி என்று கார்டைப் புரட்டிக் காட்ட வேண்டும். கடைசி ரவுண்டு வந்ததும் பக்கத்தில் இருக்கும் மணியை அடிக்க வேண்டும். இவ்வளவுதான் வேலை. ஸ்டார்ட்டர் துப்பாக்கி வைத்திருக்கிறார், எல்லோரும் அவரைப் பார்க்கிறார்கள். மணிக்காரியை யார் பார்க்கிறார்கள்? ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அந்த நேரத்தில் கணக்கு தெரியாது, பெயர் கேட்டால்கூடத் தெரியாது. மணிச் சத்தம் கேட்டதும் இருப்பதை எல்லாம் எடுத்துக் கொட்டிவிடுவாள். கொட்டிய பிறகு அள்ள முடியாது.

ஆறு வருஷத்துக்கு முன்னால், தாம்பரத்தில் ஒரு கல்லூரி மைதானத்தில் மாவட்டப் போட்டி. நான் ரிட்டயர் ஆகி ஏழு வருஷம் ஆகியிருந்தது. இருந்தாலும் கூப்பிடுவார்கள், நானும் வெட்கமில்லாமல் வெள்ளைச் சேலையும் கேன்வாஸ் ஷூவும் போட்டுக்கொண்டு போய்விடுவேன். "நம்ம மாநிலத்தோட முதல் பெண் சாம்பியன்" என்று மைக்கில் சொல்வார்கள். நான் எழுந்து கையாட்டுவேன். எனக்குப் பிடிக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஆட்டுவேன். அந்தக் கையாட்டலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அன்று காலையில் சட்டையில் குத்துகிற எண் துணி வாங்கும் வரிசையில் ஒரு பெண் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். கறுத்து மெலிந்த பெண், பதினேழு வயசு இருக்கும்.

"ஷூ எங்கடா?" என்று கேட்டேன்.

"ஷூ போட்டா கால கட்டிப் போட்ட மாதிரி கீது மிஸ். எனக்கு மணல்ல ஓடித்தான் பழக்கம்."

பெயர் ரெஜினா. கோவளத்தில் இருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தாள். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா கரையில் மீன் விற்கிறவர். பன்னிரண்டாவது முடிக்கப் போகிறாள். ஓடுவது மூவாயிரம் மீட்டர். முதல் இரண்டு இடம் வருகிறவர்கள் மாநிலப் போட்டிக்குப் போவார்கள். மாநிலப் போட்டியில் ஓடிய சான்றிதழ் இருந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்த்துக்கொள்கிறோம் என்று ஒரு கல்லூரியில் சொல்லியிருக்கிறார்களாம்.

"இல்லன்னா?"

"இல்லன்னா அம்மாகூட மீன் கூடை தூக்கறதுதான் மிஸ். அம்மாவே சொல்லிடுச்சு. அடுத்த வருஷம் எனக்கு வயசு தாண்டிடும். இதான் லாஸ்ட்டு."

நடுவராக இருக்கிறவள் ஓட்டக்காரியிடம் கதை கேட்கக் கூடாது. நான் கேட்டேன். கேட்டதோடு நிற்காமல் தலையைத் தடவி "நல்லா ஓடுடா கண்ணு" என்றும் சொன்னேன். அன்றைக்கு நான் செய்த தப்புகளில் அதுதான் சின்னது.

அதே பந்தயத்தில் தேவி என்று ஒரு பெண்ணும் ஓடினாள். அவள் கமலாவின் பெண். பெற்ற பெண் இல்லை, பழக்கிய பெண். கமலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் செம்பாக்கத்துக்காரி. ஒரு காலத்தில் அங்கே நிலம் வைத்திருந்த குடும்பம். நானும் அவளும் ஒரே காலத்தில் ஓடினோம், இரண்டு பேரும் பி.டி. டீச்சர் ஆனோம், நான் தாம்பரத்தில், அவள் ஒரு அரசுப் பள்ளியில். ரிட்டயர் ஆனபிறகும் அவள் சும்மா இருக்கவில்லை. செம்பாக்கம் ஏரிக்கரையில் காலையில் பத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு விரட்டு விரட்டென்று விரட்டுவாள். வருஷா வருஷம் போட்டிகளில் சந்திப்போம். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிப்போம். அவள் மாமியார் செத்தது, என் வீட்டுக்காரருக்கு பைபாஸ் ஆனது, எல்லாம் பேசுவோம். ஒன்றை மட்டும் பேசினதே இல்லை. நாற்பத்தாறு வருஷமாகப் பேசினதில்லை.

கமலாவின் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நீண்ட ஓட்டம் என்றால் இடது மணிக்கட்டில் ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டு வருவார்கள். மூவாயிரத்துக்கு எட்டு. முடிவுக்கோட்டைத் தாண்டும்போதெல்லாம் ஒன்றைக் கழற்றி வலது கைக்கு மாற்றுவார்கள். இடது கை காலியானால் பந்தயம் முடிந்தது. மற்ற கோச்சுகள் கேலி பண்ணுவார்கள். "இன்னா கமலாக்கா, புளி பொட்டலம் கட்டவா?" என்பார்கள். "உங்க மணிய நீங்க நம்புங்க, எம் பசங்க கைய நம்பட்டும்" என்பாள். அவள் அதைச் சொல்லும்போது நான் டீயைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மூவாயிரம் மீட்டர் என்பது ஏழரை ரவுண்டு. அந்த அரைதான் எமன். பெண்கள் மைதானத்தின் எதிர்ப்பக்கத்தில் இருந்து கிளம்புவார்கள். அரை ரவுண்டு ஓடி முதல் தடவை கோட்டைத் தாண்டும்போதுதான் 'ஏழு பாக்கி' என்று கார்டைக் காட்ட வேண்டும். நான் என்ன பண்ணினேன்? பத்துப் பெண்களும் எதிர்ப்பக்கம் வரிசையில் நிற்கும்போதே ஏழைப் புரட்டி வைத்துவிட்டேன். கை பழக்கம். அதுவாவது பரவாயில்லை, ஞாபகம் வைத்திருந்தால் சரியாகப் போயிருக்கும். துப்பாக்கி வெடித்ததும் மைக்கில் பேசுகிறவர் ஆரம்பித்தார்: "லேப் கார்டு டியூட்டியில இருக்கறது யாருன்னு நினைக்கறீங்க? நம்ம மாநிலத்தோட முதல் பெண் சாம்பியன்!" கேலரி கை தட்டிற்று. நான் எழுந்தேன். கையாட்டினேன். வலது பக்கம் ஒரு தடவை, இடது பக்கம் ஒரு தடவை. உட்காரும்போது பெண்கள் கோட்டைத் தாண்டினார்கள். ஏழு என்று கார்டு இருந்தது. ஆறு என்று புரட்டினேன்.

அவ்வளவுதான். முடிந்தது. அதற்குப் பிறகு நான் ஒரு தப்பும் செய்யவில்லை. ஒவ்வொரு ரவுண்டும் ஒழுங்காகப் புரட்டினேன். எனக்குப் பின்னால் உட்கார்ந்து ரவுண்டு எழுதிய ஆசிரியர் ஓடுகிறவர்களைப் பார்த்து எழுதியிருந்தால் அப்போதே பிடித்திருப்பார். அவர் என் கார்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார். முதல் பெண் சாம்பியன் புரட்டுகிற கார்டு தப்பாக இருக்குமா?

ரெஜினா மூன்றாவதாக ஓடிக்கொண்டிருந்தாள். தேவி முதலில். நான் எழுந்து மணியை அடித்தேன். அந்தச் சத்தம் கேட்டதும் ரெஜினாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு, வெறுங்காலோடு, தேவியைத் தாண்டி, எங்கேயோ போய்விட்டாள். கேலரி முழுக்க எழுந்து நின்றது. நாற்பது அடி முன்னால் வந்து கோட்டைத் தாண்டினாள், தாண்டினதும் அப்படியே மண்ணில் விழுந்து, மல்லாந்து படுத்துச் சிரித்தாள். இரண்டாவதாகத் தேவி தாண்டினாள். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கோட்டைத் தாண்டி நின்றார்கள்.

அப்போது வேலிக்கு அந்தப் பக்கத்தில் இருந்து கமலாவின் குரல் கேட்டது.

"நிக்காதடி! இன்னும் ஒண்ணு கீது! ஓடு! ஓடு தேவி!"

தேவி நிற்கவில்லை. அவள் இடது கையில் இன்னும் ஒரு ரப்பர் பேண்டு இருந்தது. ஒன்பது பேர் நின்றுவிட்ட மைதானத்தில் அவள் மட்டும் தனியாக ஓடினாள். கேலரியில் சிரித்தார்கள். "ஏய், ரேஸ் முடிஞ்சிச்சு, யார்னா சொல்லுங்கப்பா அந்தப் பொண்ணுக்கு" என்று எவனோ கத்தினான்.

கமலா தப்பாக எண்ண மாட்டாள். அது எனக்குத் தெரிகிற மாதிரி உலகத்தில் யாருக்கும் தெரியாது. ஏன் என்று சொல்கிறேன்.

எனக்குப் பத்தொன்பது வயசு. மாநிலப் போட்டியில் பெண்களுக்கு முதல் தடவையாக ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் வைத்தார்கள். அதுவரைக்கும் இவ்வளவு தூரம் ஓடினால் குழந்தை பிறக்காது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆறு பேர் ஓடினோம். நானும் இருந்தேன், கமலாவும் இருந்தாள். மணி அடிக்கிற நாற்காலியில் என் கோச் உட்கார்ந்திருந்தார். அப்பா இல்லாத எனக்கு ஓட்டம் என்றால் என்ன என்று காட்டியவர் அவர். என் முதல் ஸ்பைக்ஸ் ஷூ அவர் வாங்கித் தந்தது. அவர் பேரை இங்கே எழுத மாட்டேன்.

ஆயிரத்து ஐந்நூறு என்பது மூன்றே முக்கால் ரவுண்டு. முதல் தடவை என்பதால் அந்த முக்காலை அவர் முழுசாக எண்ணிவிட்டார். ஒரு ரவுண்டு முன்னாலேயே மணி அடித்தார். மணி கேட்டதும் எனக்கு ஒரு கணம் இடித்தது. ஆனால் அடித்தது என் சார். சார் தப்பாக அடிப்பாரா? ஓடினேன், முதலாவதாக வந்தேன், நின்றேன். மூச்சு மிச்சம் இருந்தது. அதுவே சொல்லிவிட்டது. திரும்பிப் பார்த்தால் கமலா போய்க்கொண்டிருந்தாள். "சார், இன்னும் ஒரு ரவுண்டு இருக்கு சார்" என்று கத்திக்கொண்டே, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தனியாக ஓடினாள். மைதானமே சிரித்தது. சார் என் பக்கத்தில் வந்து நின்றார். "மணிதான் கணக்கு. நீ வேற ஒண்ணும் பேசாதே" என்றார்.

தலைமை நடுவருக்குச் சந்தேகம் வந்தது. என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "நீ எத்தனை ரவுண்டும்மா ஓடினே?"

நான் சொன்னேன்: "மணி அடிச்சாங்க, சார்."

பொய் சொல்லவில்லை பாருங்கள். எவ்வளவு கெட்டிக்காரி. கேட்ட கேள்விக்குப் பதிலும் சொல்லவில்லை. மெடல் எனக்கு வந்தது. சான்றிதழில் நேரம் எழுதுகிற கட்டம் மட்டும் காலியாக இருக்கும். அவ்வளவு குறைந்த நேரத்தை எழுத அவர்களுக்கே கை வரவில்லை. பேப்பரில் போட்டோ வந்தது, அந்த மெடலுக்காகவே தாம்பரத்தில் வேலை கிடைத்தது. கமலா இன்னும் நாலு வருஷம் படித்துப் பரீட்சை எழுதித்தான் வேலைக்கு வந்தாள். என் கோச் கெட்டவர் இல்லை. பயந்துவிட்டார், அவ்வளவுதான். நானும் பயந்தேன். ஆனால் அவர் ஒரு நாள் பயந்தார், நான் நாற்பத்தாறு வருஷம் பயந்தேன்.

சரி, மைதானத்துக்கு வாருங்கள். தேவி தனியாக அந்த ரவுண்டை முடித்துக் கோட்டைத் தாண்டினாள். யாரும் அவளுக்கு நேரம் எடுக்கவில்லை. தலைமை நடுவர் என்னிடம் வந்தார். சின்ன வயசுக்காரர், நல்ல பையன்.

"டீச்சர், அந்த அம்மா ப்ராட்டஸ்ட் பண்றாங்க. ஒரு ரவுண்டு கம்மின்றாங்க. ஷீட்ட பார்த்தேன், சரியாத்தான் இருக்கு. டைமிங்தான் கொஞ்சம் ஓவரா நல்லாருக்கு. மணல்ல ஓடுற பொண்ணுன்றாங்க, வந்திருக்கலாம்."

அப்புறம் ரெஜினாவைப் பார்த்து, "நீ எத்தனை ரவுண்டும்மா ஓடினே?" என்று கேட்டார்.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். "தெர்லியே. மணி அடிச்சாங்கோ சார், நான் ஓடுனேன்."

அதே வார்த்தை. அவள் வாயில் அது சுத்தமாக இருந்தது.

"நீங்க சொல்லுங்க டீச்சர்" என்றார் அவர். "நீங்க சரின்னா சரி. உங்களுக்கு மேல யாரு?"

இளையவர்களே, இந்த இடத்தில்தான் உங்களுக்கு எதுவும் புத்தகத்தில் இருக்காது. 'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ரெஜினா மாநிலப் போட்டிக்குப் போவாள், கல்லூரிக்குப் போவாள், என் பெயரும் அப்படியே நிற்கும். தேவிக்கும் ரெண்டாவது இடமாவது கிடைக்கும், அவளும் போவாள். யாருக்கும் நஷ்டமில்லை என்று மனசு கணக்குப் போட்டது. மனசு எவ்வளவு வேகமாகப் போடுகிறது தெரியுமா? 'தப்பு' என்று சொன்னால் கோட்டில் நின்ற பிள்ளைகள் அத்தனை பேரும் பந்தயத்தை முடிக்காதவர்கள். நான் தலையைத் தடவி அனுப்பிய பிள்ளையை நானே மீன் கூடைக்கு அனுப்புகிறேன். அவளோ மண்ணில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். வேலிக்கு அந்தப் பக்கம் கமலா நிற்கிறாள். சும்மா என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

அப்போதுதான் புரிந்தது. 'சரி' என்று சொன்னால், தேவி ஓடிய அந்த ரவுண்டும் ஒரு சிரிப்பாகப் போய்விடும்.

"மணி தப்பு" என்றேன். "ஒரு ரவுண்டு முன்னாடியே அடிச்சிட்டேன். கார்டு புரட்டினது நான், தப்பு என்னோடது. தேவி ஒருத்திதான் முழு ரேஸ் ஓடியிருக்கா."

"டீச்சர்..."

"மைக்கைக் குடு, நானே சொல்றேன்."

மைக்கில் சொன்னேன். முதல் பெண் சாம்பியன் என்று சொன்ன அதே மைக்.

திரும்பினால் ரெஜினா நிற்கிறாள்.

"மிஸ், அப்ப நான் ஃபர்ஸ்ட் இல்லியா?"

"இல்லடா கண்ணு."

"நீங்கதானே மிஸ் அடிச்சீங்கோ?"

"ஆமாம்டா. நான்தான் அடிச்சேன்."

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. செருப்பை எங்கே வைத்தோம் என்று தேடப் போனாள். தேடிக்கொண்டே அழுதாள். நானும் அழுதேன், அறுபத்தைந்து வயசில், வெள்ளைச் சேலையில், மைதானத்துக்கு நடுவில்.

அழுதுவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். அதையும் சொல்லிவிடுகிறேன். தப்பை ஒப்புக்கொள்வது பாதி வேலைதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு தலைமை நடுவரிடம் போனேன். நம் தப்பினால் நின்ற பிள்ளைகளை ரெண்டாவது இடத்துக்குத் திரும்ப ஓட விடு என்றேன்.

"நாளைக்கு ஷெட்யூல்ல இடமே இல்ல டீச்சர். ஏழு மணிக்கே ஈவென்ட் ஆரம்பம்."

"ஆறு மணிக்கு வை. சூரியனா உன்கிட்ட பர்மிஷன் கேக்குது?"

"தேவியோட கோச் எழுதிக் குடுக்கணும். அவங்க ஒத்துக்கலைன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது. இவ்ளோ நடந்ததுக்கப்புறம் அவங்க எப்படி டீச்சர்..."

கமலா வேலியைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்திருந்தாள். முட்டி வலியால் மெதுவாகத்தான் நடப்பாள். தலைமை நடுவரிடம் அந்தச் சம்மதக் காகிதத்தை வாங்கி, கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, இரண்டு தடவை படித்தாள்.

"எம் பொண்ணு ஃபர்ஸ்ட்டு. அதுல யாரும் கை வெக்கக் கூடாது" என்றாள். "செகண்டுக்கு இதுங்க ஓடட்டும். மணி அடிச்சா நிக்கிறதுதான் பசங்க புத்தி, அதுங்க மேல இன்னா தப்பு?"

கையெழுத்துப் போட்டுவிட்டு ரெஜினாவைப் பார்த்தாள். "ஏய் பொண்ணு, கோவளத்துலருந்து ஆறு மணிக்கு எப்டி வருவே? உங்கம்மாக்கு போன் போட்டு சொல்லு, எங்கூட்ல வந்து தூங்கு. குழம்பு நல்லா வெப்பேன்."

எல்லோரும் போன பிறகு இரண்டு பேரும் கேலரிப் படியில் உட்கார்ந்தோம். டீ வந்தது. நான் குடிக்கவில்லை.

"கமலா, அன்னைக்கும் மணி தப்புதான்டி. எனக்குத் தெரியும். அப்பவே தெரியும்."

அவள் டீயை ஊதினாள். "தெர்யும்" என்றாள்.

"தெரியுமா?"

"நீ மெடல் வாங்கறப்ப அழுதியே, அது இன்னா சந்தோஷத்துல அழுவுற மூஞ்சியா? அப்பவே தெர்யும் எனக்கு."

"அப்புறம் ஏன்டி இத்தனை வருஷமா என் பக்கத்துல வந்து உக்காந்தே?"

"டீ குடிக்கத்தான் குந்திகினு இருந்தேன்னு நெனச்சியா? இந்த வருஷம் சொல்லுவே, அடுத்த வருஷம் சொல்லுவேன்னு பாத்துகினே இருந்தேன். ரிட்டயரும் ஆயிட்டே. சொல்ல மாட்ட போலன்னு வுட்டுட்டேன்." டீயை ஒரு மடக்குக் குடித்தாள். "பேஜார் புடிச்சவடி நீ. நாப்பத்தாறு வருஷம் இஸ்துட்ட."

என்னை மன்னிச்சிட்டியா என்று கேட்க வாய் வரவில்லை. அவளும் சொல்லவில்லை. என் டீ ஆறிக்கொண்டிருந்ததைப் பார்த்து, "குடி" என்றாள். குடித்தேன்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு மெடலைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போனேன். கமலா கையில் வைத்தேன். அவள் பிரித்துப் பார்த்து, உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தாள்.

"இன்னாடி இது, இவ்ளோ லேசா கீது? இத்தயா நீ இத்தினி வருஷம் சொமந்துகினு இருந்தே?"

பைக்குள் போட்டுக்கொண்டாள். இதுவரைக்கும் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. செம்பாக்கத்தில் அவள் வீட்டு ஆணியில் சாவிக்கொத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

மணி அடிக்கிற நாற்காலிக்கு வேறு ஆளைப் போடச் சொன்னேன். தலைமை நடுவரும் சரி என்றார். கமலாதான் விடவில்லை. "அவளே அடிக்கட்டும். எம் பொண்ணு இதுல ஓடல, நான் பக்கத்துல குந்துறேன்" என்றாள். அவளுக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். ஒன்பது பெண்களும் எதிர்ப்பக்கம் போய் நின்றார்கள். ரெஜினாவின் இடது கையில் எட்டு ரப்பர் பேண்டு இருந்தது. முந்தின ராத்திரி கமலா வீட்டுக்கு வந்து தேவி மாட்டிவிட்டாளாம்.

முடிவைத் தெரிந்துகொள்ள அவசரப்படுகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். ரெஜினா மாநிலப் போட்டிக்குப் போனாள். ஏழாவதாக வந்தாள். சான்றிதழ் கிடைத்தது, கல்லூரியில் இடமும் கிடைத்தது. ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது அது இல்லை.

கோட்டைத் தாண்டும்போதெல்லாம் கமலா என் காதுக்குப் பக்கத்தில் எண்ணினாள். "ஏழு. இப்ப பொரட்டு. ஆறு. பொரட்டு." மூன்று என்று வந்தபோது என் கை மணிக்குப் போனது. "அடிக்காத" என்றாள். இரண்டு என்று வந்தபோது மறுபடியும் போனது. "அடிக்காதடி, இருக்குது." அடுத்த தடவை பெண்கள் வளைவில் திரும்பினார்கள். கமலா என் முழங்கையைத் தொட்டாள்.

"இப்ப அடி."

அடித்தேன். வாழ்க்கையில் அவ்வளவு பலமாக நான் மணி அடித்ததில்லை.

ரெஜினா முந்தின நாளில் எல்லாவற்றையும் கொட்டியிருந்தாள், கால் கனத்துத்தான் இருந்தது. இருந்தும் ஓடினாள். கடைசி ஐம்பது மீட்டரில் ஒருத்தியைத் தாண்டி முதலில் கோட்டைக் கடந்தாள். கடைசி ரப்பர் பேண்டை வலது கைக்கு மாற்றினாள். இடது கை காலி. பந்தயம் முடிந்தது.

அவள் நிற்கவில்லை.

"ரெஜினா! முடிஞ்சிடுச்சுடா! நில்லு!" என்று நான் கத்தினேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். மணியைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். "இருக்கட்டும் மிஸ், டவுட்டா கீது!" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டாள். தனியாக இன்னொரு முழு ரவுண்டு. தலைமை நடுவர் அவளை நிறுத்தப் போனார்.

"வுடு சார்" என்றாள் கமலா. "ஓடட்டும்."

யாரும் சிரிக்கவில்லை. வெயில் அப்போதுதான் கேலரி மேல் ஏறிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் வெறுங்காலோடு எதிர்ப்பக்கத்து நேர்கோட்டில் ஓடிக்கொண்டிருந்தாள். கமலா என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"அன்னிக்கு நான் தனியா ஓடுனனே, நீ பாத்தியா?"

"இல்லடி" என்றேன். "தலையைக் குனிஞ்சிக்கிட்டு நின்னேன்."

"அப்ப இத்த பாரு."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ரெஜினா அந்த ரவுண்டை முடிக்கிற வரைக்கும் நான் பார்த்தேன்.